உப்பைத் துப்பும் மரம்

வில்லியனூரைத் தாண்டி வரும் சங்கராபரணி ஆறு, கடலைத் தொடும் முன் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சுண்ணாம்பாறு, இன்னொன்று அரியாங்குப்பத்து ஆறு. அந்தக் கழிமுகச் சேற்றில், தேங்காய்த்திட்டுப் பக்கம், வெண்கண்டல் என்றொரு அலையாத்தி மரம் நிற்கும். அதன் இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும்.

கடலோரக் கிணற்றில் உப்பு ஏறினால் பாகூர் நெற்பயிர் வாடிப்போகும். இந்த மரமோ, கடல்நீரைவிட இரண்டு மடங்குக்கு மேல் உப்பிருந்தாலும் தாங்கும். உள்ளே வந்த உப்பில் சுமார் 40 சதவீதத்தை இலையிலுள்ள உப்புச் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளிவிடும். எத்தனை சாமர்த்தியம்!

இந்தச் சாமர்த்தியம் எங்கே எழுதியிருக்கிறது? புவனேஸ்வரம் உயிர் அறிவியல் நிறுவனமும் நம்ம பக்கத்து எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்த மரத்தின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் படித்து, 2021-இல் வெளியிட்டன. 31 குரோமோசோம்கள். முப்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள். அவற்றில் மூவாயிரத்துச் சொச்சம் உப்பைச் சமாளிப்பதோடு தொடர்புடையவை என்று பிரித்தெடுத்திருக்கிறார்கள்.

உடனே அவற்றில் ஒன்றை எடுத்து நெல்லில் போட்டுவிடலாமே என்பீர்கள். அவ்வளவு சுலபமில்லை. ஒற்றை மரபணு செய்கிற வேலையா இது? சுரப்பி வேண்டும், வேர் வடிகட்ட வேண்டும், இலை தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும்.

அதோடு, படித்தது ஒரு மரத்தின் ஏட்டைத்தான். பிச்சாவரத்து மரமும் தேங்காய்த்திட்டு மரமும் அச்சு அசல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஊர் ஊராகப் பல மரங்களின் மரபணுவை ஒப்பிட்டால்தான் எந்த எழுத்து மாறினால் மரம் உப்பைக் கூடுதலாகத் தாங்கும் என்று பிடிபடும். அந்த ஒப்பீட்டுக்கு அடிப்படையான ஏடு இப்போது கையில் இருக்கிறது.