வங்கி ஏலத்தில் மனை வாங்குவோர்க்கு



நம்மூர்ப் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, இறைநிலமும் தன் மனையில் வீடும் உடையாரையே குடவோலைக்கு உரியராக்கிற்று. நிலவேட்கை நமக்குப் புதிதன்று. ஆயினும் மலிவு கண்டு, மகள் மணத்துக்குச் சேர்த்த பொருளோடு வங்கி ஏலத்தில் முதன்முறை இறங்குவோர்க்குச் சில கூறுவோம்.

வங்கி 'உள்ளது உள்ளவாறே' விற்கின்றது. குடியிருப்போரை வெளியேற்றும் பாடும், பழைய வரி, மின்கட்டணப் பாக்கிகளும், கடனாளி தொடுத்த வழக்கும் வாங்கினவர் தலையில் விழலாம்.

2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டவிதிப்படி, கேட்ட விலையில் நான்கிலொரு பங்கை அன்றோ மறு வேலைநாளிலோ கட்டல் வேண்டும்; எஞ்சியதை, விற்பனை உறுதியான 15 நாளில், அல்லது எழுத்தாற் பெற்ற தவணைக்குள் செலுத்தல் வேண்டும். தவறின் கட்டிய பணம் மீளாது. தமிழகத்து வழக்கொன்றில் 2024-இல் உச்சநீதிமன்றம் அவ்வாறே தீர்ப்பளித்தது.

ஆதலின் வில்லங்கச் சான்றோடு அமையாது, நேரிற் சென்று அனுபோகம் யாருடையதென்று அறிமின். முழுத்தொகைக்கு வழியில்லாதார் ஏலங் கேளாமையே நன்று. இதனை இளைஞர்க்கு எடுத்துரைத்தல் நம் சங்கத்தின் கடமையாம்.