விடுமுறைக்குப் பாலித் தீவு



பள்ளி விடுமுறை வந்தால் தைப்பிங்கில் பெரியம்மா வீடு, கிள்ளானில் சித்தப்பா வீடு என்று போய்வந்த காலம் ஒன்று. இன்று தோட்டப்புறக் குடும்பங்களும் மாதந்தோறும் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்து, விமானம் ஏறி வெளிநாடு பார்த்து வருகின்றன. மகிழ வேண்டிய மாற்றம்தான். பலரும் விரும்பிச் செல்லும் இடங்களில் ஒன்று இந்தோனேசியாவின் பாலித் தீவு. கோலாலம்பூரிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். சில ஆண்டுகளுக்கு முன் தங்கை குடும்பத்தோடு நானும் அங்கே போயிருந்தேன். அங்கே நாங்கள் செய்த தவறுகளையும் கற்றதையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதல் தவறு, நாங்கள் போன மாதம். பயணச்சீட்டின் விலையைப் பார்த்தோமே தவிர, வானத்தைப் பற்றி விசாரிக்கவில்லை. பாலியில் நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். நாங்கள் போனதோ டிசம்பரில். மூன்று நாள் அறைக்குள்ளேயே கழிந்தது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். நடு ஆண்டு விடுமுறை அதற்குள் வருவதால் அதுவே நல்லது. பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும் ‘ஞெப்பி’ என்னும் மௌனத் திருநாளையும் கவனியுங்கள். அன்று விமான நிலையமே மூடப்பட்டிருக்கும். வெளியூரார் விடுதியை விட்டு வெளியே வரக்கூடாது.

இரண்டாவது தவறு உயிருக்கே வினையாக வந்தது. தங்கை மகனுக்கு வயது பதினைந்து. தோட்டத்து ஆற்றில் நீந்திப் பழகியவன். கூத்தா கடற்கரையில் சிவப்புக் கொடி நட்டிருந்தது. ‘முழங்கால் ஆழந்தானே, மாமா’ என்று இறங்கினான். கண்மூடித் திறப்பதற்குள் நீர் அவனைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. கரையை நோக்கி எதிர்த்து நீந்தி நீந்திக் கை ஓய்ந்துபோனான். அலைச்சறுக்குப் பலகையோடு நின்ற உள்ளூர் இளைஞர் இருவர் பாய்ந்து சென்று அவனை மீட்டார்கள். தங்கை மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கரைக்கு வந்த அலைநீர், ஓரிடத்தில் ஒன்றுகூடி ஆறுபோலக் கடலுக்குத் திரும்புகிறது. அதை எதிர்த்து நீந்தி வெல்ல முடியாது. அதில் அகப்பட்டால் பதற்றப்படாமல் மிதக்க வேண்டும். கை தூக்கி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். சிவப்புக் கொடி இருந்தால் இறங்கவே கூடாது. சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டுக்கும் நடுவில் மட்டுமே குளிக்கலாம். சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்குப் பவளப்பாறைகள் அலையைத் தடுக்கும் சானூர் கரை ஏற்றது.

இனி, கற்றதைச் சொல்கிறேன். பாலி மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள். ஆனால் அவர்கள் கோயில் முறை வேறு. பல கோயில்களில் உயர்ந்த கல்லாசனம் ஒன்று வெறுமையாக இருக்கும். அதுவே இறைவன் அமரும் இடம். இடுப்பில் சாரோங்கும் கச்சையும் கட்டித்தான் உள்ளே போக வேண்டும்.

வாசற்படியில் தென்னங்குருத்தால் செய்த சிறு தட்டில் பூ வைத்திருப்பார்கள். நாள்தோறும் இடும் காணிக்கை அது. தங்கை அதை மிதிக்கப் பார்த்தாள். விடுதியைக் கூட்டும் பெண் மெல்லக் கையைப் பிடித்து நிறுத்தினார். மறுநாள் காலை பார்த்தால், இருவரும் படியில் உட்கார்ந்து குருத்தோலை மடித்துக் கொண்டிருந்தார்கள்! தோட்டத்துத் திருவிழாவில் தோரணம் கட்டிய கை அல்லவா? நம் மலாய் மொழியே அவர்கள் பேசப் போதுமானதாக இருந்தது.

அந்தப் பெண் சொல்லித்தான் ஜாத்திலுவே வயல்களைப் பார்க்கப் போனோம். மலைச்சரிவில் படிப்படியாக நெல் விளைகிறது. ‘சுபாக்’ என்னும் உழவர் சங்கங்கள், நீர்க்கோயில்களில் கூடி, யாருக்கு எப்போது தண்ணீர் என்று முடிவு செய்கின்றன. 1970களில் அந்த முறையைத் தள்ளிவைத்து, இடைவிடாமல் பயிரிடச் சொன்னார்கள். பூச்சி பெருகியது, தண்ணீரும் தட்டுப்பட்டது. பிறகுதான் பழைய முறையின் அறிவு புரிந்தது. 2012இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. உழைக்கும் மக்களின் அறிவுக்குக் கிடைத்த மரியாதை அது. நம் பிள்ளைகள் காண வேண்டிய காட்சி.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை: கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்லத்தக்கதாக இருக்கட்டும். 2024 பிப்ரவரி முதல், பாலிக்கு வரும் வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவரும் 150,000 ரூப்பியா கட்டணம் செலுத்த வேண்டும். அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் மாற்றினால் அங்கேயே நின்று எண்ணிப் பாருங்கள்.

நேயர்களே, நாம் விடுமுறைக்குப் போகும் இடம் இன்னொருவர் வாழும் வீடு. அவ்வீட்டு வானத்தையும் கடலையும் வழக்கத்தையும் கேட்டறிந்து போனால், சேர்த்த பணமும் வீணாகாது. போன பிள்ளைகளும் பத்திரமாகத் திரும்புவார்கள்.