ஜன்னலைப் பார்த்தால் வயது தெரியும்



மாட்டின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்கிறோம். வீட்டின் வயதை எதைப் பார்த்துச் சொல்வது? கூரையை மாற்றிவிடுவார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். ஜன்னல் மட்டும் பல வீடுகளில் அப்படியே இருக்கும்.

நந்திதுர்க், கோலார் தங்கவயலின் பெரிய சுரங்கங்களில் ஒன்று. 1880-இல் லண்டன் நகரத்து ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் வேலை தொடங்கியது. துரைமார்களுக்குப் பங்களாக்கள் எழுந்தன. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த கூலிகளுக்கு மூங்கில் தட்டிக் குடிசைகள்தான். அவற்றை வரிசையாகப் போட்டார்கள். அதனால் 'லைன்' என்று பெயர் வந்தது.

தட்டிச் சுவர் ஜன்னல் சட்டத்தின் பாரத்தைத் தாங்குமா? தாங்காது. வாசல்தான் வெளிச்சம், வாசல்தான் காற்று. சுரங்கத்துக்குள் கல்தூசு நுரையீரலைக் கெடுத்தது. மேலே வந்தால் வீட்டுக்குள் அடுப்புப் புகை. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. அதுவும் சுரங்க இயந்திரங்களுக்காக வந்ததுதான்.

பங்களா ஜன்னலோ ஆள் உயரம், நிறையக் கண்ணாடி. ஆனால் இங்கிலாந்துக் கிராமங்களிலேயே ஒரு காலத்தில் அப்படி இல்லை. அங்கே 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கு வரி போட்டார்கள்! வரிக்குப் பயந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தவர்கள் உண்டு. கண்ணாடிக்குத் தனி வரி; அது 1845-இல் நீங்கியது. அந்நாளில் கண்ணாடியை ஊதி, சுழற்றி, தட்டுப் போலாக்கி வெட்டினார்கள். பெரிய துண்டு கிடைப்பது அரிது. ஆகவே பழைய ஜன்னலில் சின்னச் சின்னச் சதுரங்கள் இருக்கும். பின்னால் வந்த ஜன்னலில் பெரிய கண்ணாடிகள் இருக்கும். தங்கவயல் பங்களாக்கள் இரண்டு வரிகளும் ஒழிந்த பிறகு கட்டப்பட்டவை.

நம் பக்கத்து ஊர் வீடுகளில் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் ஜன்னலுக்கு மேலே பாருங்கள். செங்கல் வளைவோ, மரக்கட்டையோ, கல் பலகையோ இருந்தால் பெரும்பாலும் பழையது. கான்கிரீட் லிண்டல் இருந்தால் பிந்தியது. லிண்டல் பாரம் தாங்கும். அதனால் ஜன்னலும் அகலமாயிற்று. அடுத்து கம்பி. மரச்சட்டத்தில் துளை போட்டுச் செருகிய உருட்டுக்கம்பி முந்தியது. வெல்டிங் வைத்த பூ வேலைக் கிரில் அதற்குப் பிந்தியது. பக்கவாட்டில் நகரும் அலுமினிய ஜன்னல் நேற்று வந்தது. கண்ணாடியில் குமிழியும் அலை போன்ற நெளிவும் தெரிந்தால் அது பழைய கண்ணாடி.

ஏமாறவும் வழி இருக்கிறது. காரைக்குடியில் இடித்த வீட்டுக் கதவு, ஜன்னல்களை விலைக்கு வாங்கிப் புது வீட்டில் வைக்கிறார்கள். அங்கே ஜன்னல் தாத்தா, வீடு பேரன். பழைய சுவரை உடைத்துப் புது ஜன்னல் வைப்பதும் உண்டு. சட்டத்தைச் சுற்றிப் பூச்சு வேறு நிறமாக இருக்கும். தட்டிப் பார்த்தால் ஓசையும் மாறும்.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. லைன்களில் குடும்பங்கள் இன்னும் வாழ்கின்றன. பின்னால் திறந்த ஜன்னல் உள்ள லைன் வீட்டில், அதை எந்த ஆண்டில் திறந்தார்கள் என்று வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். சுரங்கச் சம்பளத்தில் திறந்ததா, பெங்களூருக்கு ரயிலேறிப் போன பிள்ளையின் சம்பளத்தில் திறந்ததா என்பதையும் அவரே சொல்வார்.