சேதுக் கரையில் இரு பூசை நெறிகள்



இம்மாசித் திருவிழாவுக்கு வந்திருக்கும் அன்பர் ஒருவர், தந்தையாருக்குப் பிதிர்க்கடன் கழித்த ஈரம் உலராத நிலையில், மூன்றாம் பிராகாரத்தில் அடியேனை நிறுத்தி வினவினார்: "ஐயா, இங்குப் பூசிப்போர் ஆதிசைவர் அல்லர் என்கிறார்களே! ஆகமப்படி நடவாத பூசையை இறைவன் ஏற்பானா? நான் செய்ததெல்லாம் வீணாகுமோ?"

அவர் ஒருவர் ஐயமன்று இது. பலர் நெஞ்சில் கிடப்பது. ஆதலின் இதனையே இன்று பேசத் துணிந்தேன்.

தமிழகத்துச் சிவாலயங்களிற் பெரும்பாலானவை ஆகம வழி நிற்பவை. சிவபேதம் பத்து, ருத்திரபேதம் பதினெட்டு, ஆக 28 ஆகமங்கள். ஆதிசைவ மரபிற் பிறந்து, சமயம், விசேடம், நிருவாணம் என்னும் தீட்சைகளும் ஆசாரியாபிடேகமும் பெற்ற சிவாசாரியாரே ஆங்குப் பரார்த்த பூசைக்கு உரியவர். ஓரூரில் காமிகம், மற்றோரூரில் காரணம் என நூல் வேறுபடும். இறைவன் ஒரே நூலை அருளி அமைந்தானல்லன் என்பதை இங்கேயே மனத்திற் கொள்க.

இவ்விராமநாதபுரச் சீமையிலேயே ஆகமத்தின் பெருமை பேசும் தலம் ஒன்றுண்டு. அதுதான் மணிவாசகப் பெருமான் நீத்தல் விண்ணப்பம் பாடிய உத்தரகோசமங்கை. இறைவன் மண்டோதரிக்குக் காட்சி தரச் சென்றபொழுது ஆகம நூலை ஆயிரம் முனிவர்பால் ஒப்படைத்தான் என்றும், அவர்கள் அக்கினியிற் பாய, ஒருவர் மட்டும் நூலைக் காத்து நின்றார் என்றும், அவரே பின்னர் மணிவாசகராய்ப் பிறந்தார் என்றும் தலவரலாறு கூறும். உயிரினும் பெரிதாக நூலைப் போற்றிய மரபு அது.

இராமேச்சுரத்திலோ சிருங்கேரி மடத்தின்வழித் தீட்சை பெற்ற மராட்டிய அந்தணர் வைதிக நெறியிற் பூசிக்கின்றனர். இது புதுமையா? தில்லையில் தீட்சிதர்கள் பதஞ்சலி முனிவர் வகுத்ததாகப் போற்றும் முறையிற் பூசிக்கவில்லையா? தேவாரப் பாடல் பெற்ற கேதாரத்தில் கருநாடகத்து வீரசைவ மரபினர் பூசிக்கவில்லையா? தில்லையில் எழாத ஐயம் இங்கு மட்டும் எழுவானேன்? பூசகர் மொழி வேறாயிருப்பதே காரணமோ என அஞ்சுகிறேன்.

ஆகம நூல்களிலேயே ஒரு விதி உண்டு. நிலத்தை உழும் கருஷணம் முதலாகப் பிரதிட்டை ஈறாக எந்த நூல்வழிக் கோயில் எழுந்ததோ, அந்நூல்வழியே பூசை நடத்தல் வேண்டும். ஒன்றில் தொடங்கி மற்றொன்றிற் புகுவது சங்கர தோடம். இவ்விதியைக் கொண்டே இராமேச்சுரத்தை நோக்குங்கள். கயிலை சென்ற அனுமன் வரத் தாமதித்தான், முகூர்த்தமோ கடக்கிறது, பிராட்டி மணலைக் குவித்தாள், இராமன் பூசித்தான். ஏர் பூட்டி உழுதாரில்லை, ஆசாரியன் கும்பம் வைத்தானில்லை. அத்தகைய மூர்த்தியைப் பிற்காலத்து ஒரு நூலின் அளவுகோலால் அளக்கப் புகுவது அவ்விதிக்கே பொருந்தாது. சம்பந்தப் பெருமானும் அப்பரடிகளும் இங்கு வந்து பாடியதற்கு மேல் நமக்குச் சான்று எதற்கு?

ஆயின், 'முறை எதுவாயினும் ஆகுக' என்று நான் சொன்னதாகக் கொள்ளவேண்டா. இத்தலத்துக்குரிய முறையை இத்தலத்தில் வழுவாது காக்க வேண்டும். அனுமன் கொணர்ந்த விசுவலிங்கத்துக்கே முதற்பூசை, அதன்பின்னரே இராமலிங்கத்துக்கு. முதலில் அக்கினி தீர்த்தமாகிய கடல், பின்பு கோயிலகத்து 22 தீர்த்தங்கள், அதன்பின் உலர்ந்த ஆடையுடன் தரிசனம். அவசரத்தால் இவ்வரிசையைக் குலைப்போர் பூசகரின் மரபை ஆராய்வது வியப்பே!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்குக் கங்கை நீராட்டுவித்துச் செல்லும் சிலர், ஊர் திரும்பியதும் தம்மூர்ச் சிவாசாரியாரிடம் எஞ்சிய நீர்ச்செம்பை நீட்டி, "இராமேச்சுரத்தில் செய்தபடியே செய்க" என்று வற்புறுத்துகின்றனர். அவர் தம் பத்ததிப்படியே அந்நீரை ஆட்டுவிப்பார்; இசையாவிடில், அது அவர் பெற்ற தீட்சையின் கட்டளை. அவரிடம் வழக்காடாதீர்கள்.