கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் துணைக்குப் போகிறவர்கள்



டெல்டா கிராமத்தில் ஒரு பிள்ளை ராத்தூக்கம் இல்லாமல் தனக்குத்தானே பேசினால், 'காத்து கருப்பு அண்டிடுச்சு' என்பதுதான் பல வீடுகளில் முதல் பேச்சு. திருநீறு, தாயத்து, பிறகு குணசீலம். திருச்சிக்கு மேற்கே காவிரிக்கரையில் உள்ள அந்தப் பெருமாள் கோயிலில் மனம் கலங்கியவர்கள் ஒரு மண்டலம், 48 நாள், தங்குகிறார்கள். அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிக்கிறார்கள்.

இதை அறியாமை என்று தள்ளிவிடுவது படித்தவர்களுக்கு எளிது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர் ரகுராமும் அவர் குழுவினரும் தள்ளவில்லை. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில், முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை அவர்கள் கவனித்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. மருந்தில்லை, கட்டணமில்லை. கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்ன வேலைகள். வீட்டு மனிதர் ஒருவர் கூடவே இருந்தார். சராசரியாக ஆறு வாரத்தில் நோயின் கடுமை ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு அது. சிறிய ஆய்வுதான்; ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. ஆனாலும் விரட்டாத இடமும் விட்டுப்போகாத துணையும் எவ்வளவு செய்யும் என்பதை அது காட்டுகிறது. பெல்ஜியத்தின் கீல் நகரத்தாரும் புனித டிம்ப்னா கோயிலுக்கு வந்த மனநோயாளிகளை நூற்றாண்டுகளாகத் தங்கள் வீடுகளிலேயே தங்கவைத்தவர்கள்.

துணை போய்ச் சங்கிலி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு, மனம் கலங்கியவர்களைக் கூட்டிவரும் தர்கா உள்ள ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. கட்டிப்போடப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். குடும்பங்கள் நம்பி விட்டுவிட்டு வந்த மனிதர்கள் அவர்கள்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்துவிட்டது. இன்று ஏர்வாடியில் தொழுகைக்கு வருகிறவர்களுக்கு அருகிலேயே மருந்தும் கிடைக்கிறது. யாருடைய நம்பிக்கையையும் பிடுங்காமல் சிகிச்சை தரலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

வீட்டில் சொல்லத் தயங்குகிறவர்கள் 14416-க்கு இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவை அது. கல்யாணம் தடைபடும் என்று நோயை மறைக்கிற அத்தையிடமும் சித்தப்பாவிடமும் பேச, இன்று நன்னிலத்தில் பட்டம் பெறும் பிள்ளைகளான நீங்கள்தான் இருக்கிறீர்கள். நோயாளிகள் குணசீலம் போக வேண்டும் என்றால் போகட்டும். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கூட்டிப்போங்கள். சீட்டு வாங்கி, வரிசையில் அவர்கள் பக்கத்திலேயே உட்காருங்கள்.