மேகம் மறைத்த மலை

2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிப் பறந்த ஹெலிகாப்டர், குன்னூர் அருகே நொறுங்கி வீழ்ந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 13 பேர் அன்றே மாண்டனர். எஞ்சிய ஒருவரும் ஒரு வாரத்தில் மறைந்தார்.

எந்திரக் கோளாறா? இல்லை. சதியா? இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறிற்று, மேகம் சூழ்ந்தது, விமானிக்குத் திசை மயங்கிற்று என்றது விசாரணைக் குழு. 2024இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையோ, 'மனிதப் பிழை' என்று இரண்டே சொல்லில் முடித்தது!

மேகத்துள் புகுந்தவன் நிலை யாது? கண்ணுக்குத் தொடுவானம் இல்லை. காதினுள் உறையும் சமநிலைப் புலனோ பொய்யுரைக்கும். சாய்ந்து பறப்பவன், நேரே பறப்பதாக நம்புவான். உடலை நம்பாதே, கருவியை நம்பு என்பது பயிற்சி. மலைச்சரிவோ, அதற்கு நேரம் தராது.

பிழை விமானியுடையதென்றே கொள்வோம். மலைவழி மேகத்தை முன்னறிந்து சொல்வது யார் கடமை? "திரும்புகிறேன்" என்னும் விமானிக்குத் துணை நிற்பது யார் கடமை? மாண்டவர் மறுமொழி கூறார், ஆள்வோர் கூறட்டும்!