ராஜபார்ட் யாரு?

(அருள்புரத்தில் நடந்த முன்னாள் மாணவர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாயப்பட்டறை இன்ஜினியரைக் கூப்பிட்டு நாடகத்தைப் பற்றிப் பேசச் சொன்னது நம் செயலாளரின் துணிச்சல். பத்து நிமிஷம் தாண்டினால் மணி அடிப்பேன் என்று வேறு சொல்லியிருக்கிறார். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஆண்டு விழாவில் மாணவர்கள் ஒரு பாட்டு நாடகம் போட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டுகளைக் கோத்து, நடுவில் ஒரு பனியன் கம்பெனிக் காதல் கதை. நான் கடைசி வரிசையில் நின்றுகொண்டே பார்த்தேன், உட்கார இடமில்லை. இப்போது அதைத் திருப்பூரில் பெரிய மேடையில் போடலாம் என்று பேச்சு. உடனே வாட்ஸப்பில் நம் ஆட்களுக்குள் வாக்குவாதம்: “ஹீரோ யாரு? டி.வி.யில் வருகிற முகம் ஒன்றைப் போட்டால்தானே டிக்கெட் போகும்?”

தெரிந்த பாட்டுகளை வைத்துக் கதை கட்டுவதற்கு வெளிநாட்டில் ஜூக்பாக்ஸ் மியூசிகல் என்று பெயர். ‘அப்பா’ குழுவின் பாட்டுகளை வைத்து 1999இல் லண்டனில் வந்த ‘மம்மா மியா’ 2001இல் நியூயார்க் பிராட்வேக்குப் போய், 2015 வரை அங்கே ஓடியது. நம்ம ஊர்க்காரருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஏ.ஆர். ரகுமானின் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002 ஜூன் 19 அன்று லண்டன் அப்போலோ விக்டோரியா அரங்கில் தொடங்கியது. ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் தயாரிப்பு, டான் பிளாக் ஆங்கில வரிகள். இதைப் பாதி ஜூக்பாக்ஸ் என்று சொல்லலாம். புது மெட்டுகளோடு ‘முதல்வன்’ படத்து ஷக்கலக்க பேபியும், ‘உயிரே’யின் இந்தி வடிவமான ‘தில் சே’யில் வந்த சைய்ய சைய்யாவும் சேர்ந்துகொண்டன.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. எங்களுக்கு லண்டன் எந்தத் திசை என்றே தெரியாது. ஆனாலும் பிரபுதேவாதான் ஆடப்போகிறார் என்று ஒருத்தன் சத்தியம் பண்ணினான், ஷாருக்கான் என்று இன்னொருத்தன் ஒரு பரோட்டா பந்தயம் கட்டினான். இரண்டு பேருமே தோற்றார்கள். லண்டனில் நாயகன் ராசா ஜாஃப்ரி, நாயகி ப்ரீயா காளிதாஸ். நாங்கள் கேள்விப்படாத பேர்கள்.

2004இல் அதே நாடகம் பிராட்வேக்குப் போனது. போகும்போது என்ன ஆயிற்று தெரியுமா? கதையைத் திருத்த தாமஸ் மீஹன் வந்தார். சில பாட்டுகள் போயின, சில புதிதாக வந்தன. லண்டன் முக்கிய நடிகர்களில் ஆயிஷா தார்க்கர் மட்டும் அங்கேயும் நடித்தார். நாயகனாக மனு நாராயண், நாயகியாக அனிஷா நாகராஜன். அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைகள், இருவருக்கும் அதுதான் முதல் பிராட்வே மேடை. அங்குள்ள நடிகர் சங்கத்தின் சம்மதம் இல்லாமல் வெளிநாட்டு நடிகர்களைக் கொண்டுபோய் இறக்கிவிட முடியாது என்பதும் உண்மைதான். ஏப்ரல் 29இல் தொடங்கி, 2005 ஜனவரி 1 அன்று 284 காட்சிகளோடு முடிந்தது. லண்டனில் ஏறக்குறைய இரண்டு வருஷம், அங்கே எட்டு மாசம்.

நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லேப் டிப்பில் பையர் ஓ.கே. பண்ணிய ஷேடு, பல்க்கில் அப்படியே வந்துவிடுகிறதா? அதே சாயம், அதே கணக்குதான். தண்ணீர் மாறினால் போதும், ஷேடு மாறிவிடும். அதற்காக ‘நடிகர்களை மாற்றியதால்தான் சீக்கிரம் முடிந்தது’ என்று நான் சொல்லவில்லை. மனு நாராயணுக்குக் கிடைத்த அந்த வாய்ப்பைக் குறை சொல்ல எனக்கு மனசும் இல்லை.

ஆனால் ஜனங்கள் முதலில் கேட்பது ‘யார் நடிக்கிறார்?’ என்பதைத்தான். ‘தில்வாலே துல்ஹனியா’ படத்தை மேடை நாடகமாக்கி, நாயகனை வெள்ளைக்கார இளைஞனாக மாற்றி 2022இல் சான் டியேகோவில் போட்டார்கள். பாட்டெல்லாம் புதுசு. பிராட்வேக்குத்தான் போகிறோம் என்று முன்கூட்டியே அறிவிப்பு வேறு. நாயகன் பெயர் வெளியானதும் ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். 2025இல் அது மேடையேறியது மான்செஸ்டரில்.

இது வெள்ளைக்கார ஊர் வியாதி என்று நினைக்காதீர்கள். மதுரைப் பக்கத்திலிருந்து நம் கம்பெனிகளுக்கு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறு ஊர். தனித்தனியாகப் பேசி முடிப்பார்கள், ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணக் கதை யாருக்குத் தெரியாது? இருந்தும் நோட்டீஸ் ஒட்டிய அன்றே டீக்கடையில், “யாரப்பா முருகன்?” அதைப் பொறுத்துத்தான் விடிய விடியக் கூட்டம். நடுநடுவே சினிமா மெட்டும் வரும். நம் மாணவர்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

இனி சொல்லப்போவதை இவ்வளவு நாள் யாரிடமும் சொன்னதில்லை.

2011இல் நாங்கள் இறுதியாண்டு. இதே மாதிரி ஒரு பாட்டு நாடகம் போட்டோம், நான்தான் டைரக்டர். நாயகன் என் வகுப்புத் தோழன். அவன் பாடினால் கேன்டீன் மாஸ்டர் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நிற்பார். கல்லூரிகளுக்கிடையேயான போட்டிக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. அந்த ஜனவரிக் கடைசியில்தான் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மொத்தமும் மூடப்பட்டன. நொய்யல் கெட்டுக்கிடந்தது, உத்தரவு தப்பு என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அவன் அப்பாவுக்கு வேலை போய்விட்டது. இவன் ராத்திரி ஷிப்டில் செக்கிங் வேலைக்குப் போனான். மூன்று ஒத்திகைக்கு வரவில்லை. நான்காவது நாள் தூக்கக் கண்ணோடு வந்து நின்றபோது அவன் சட்டையை இன்னொருவன் போட்டிருந்தான். பார்க்க லட்சணமான பையன், பாட்டுக்கு வாயசைத்தால் போதும் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். தோழன் ஒரு வார்த்தை பேசவில்லை. “பேன்ட் பின்னாடி தையல் விட்டிருக்கு, பாத்துக்கடா”ன்னு மட்டும் அந்தப் பையனிடம் சொல்லிவிட்டுப் போனான்.

கோயம்புத்தூரில் எங்களுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. ஆனால் பரிசு கிடைத்திருந்தாலும் நான் பண்ணியது அதேதான். ஒத்திகையைக் காலை ஆறு மணிக்கு, அவன் ஷிப்டு முடிகிற நேரத்துக்கு மாற்றியிருக்கலாம். அந்த யோசனையே எனக்கு வரவில்லை.

அவன் இன்று வந்திருக்கிறான். நான்காவது வரிசை. பேர் சொல்லமாட்டேன், சொன்னால் எழுந்து போய்விடுவான். மதியம் சாப்பாட்டில் எனக்குப் பக்கத்தில்தான் இலை போட்டிருக்கிறார்கள், அது செயலாளர் வேலை என்று நினைக்கிறேன்.

இப்போது விஷயம் இதுதான். நம் நாடகத்தின் நாயகன் மூன்றாமாண்டு மாணவர், நாயகி இரண்டாமாண்டு. இருவரும் மாலையில் வேலைக்குப் போகிறவர்கள். டி.வி. முகத்துக்குக் கொடுக்கச் சொன்ன பணத்தை இவர்களின் ஒரு மாதச் சம்பள இழப்புக்கும் பஸ் செலவுக்கும் கொடுக்கலாம் என்பது என் கோரிக்கை. டிக்கெட் குறைவாகப் போனால் அந்த நஷ்டத்தில் முதல் பத்தாயிரம் என்னுடையது. வாசலில் மேசை மேல் நோட்டு இருக்கிறது. உங்கள் பேரையும் தொகையையும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

மணி அடித்துவிட்டார். வணக்கம்.